குட்டி பேஸ் கிட்டாரில் பழைய ஒலி: வாங்குமுன் சில குறிப்புகள்

அறுபதுகளின் இசைத்தட்டுகளைக் கேட்டால் பாடகரின் குரலுக்கு அடியில் ஒரு ஒலி உருண்டு ஓடும். உரலில் உலக்கை விழுவதுபோல் வட்டமாக, மெத்தென்று விழுந்து, சட்டென்று அடங்கிவிடும். அந்த ஒலி வேண்டும், விரல்களோ குட்டை, பட்ஜெட்டும் சிறியது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதினோரு வயதில் என் மகள் பெரிய பேஸைத் தூக்க முடியாமல் தவித்தபோது ஒவ்வொன்றாகத் தேடித் தெரிந்துகொண்டவை இவை.

1. ‘ஸ்கேல்’ என்பது கம்பி அதிரும் நீளம். தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து, அடிப்பக்கம் பிரிட்ஜ் வரை அளக்க வேண்டும். 1951-இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் 34 அங்குலம்தான் இன்றும் பொது அளவு. கிப்சன் 1953-இல் கொண்டுவந்த பேஸ் 30.5 அங்குலம். 30 அங்குலத்தை ஒட்டியவற்றை ஷார்ட் ஸ்கேல் என்கிறோம். கடையில் சொல்லும் அளவை அப்படியே நம்ப வேண்டாம். தையல் டேப்பை எடுத்துப் போய், நட்டிலிருந்து 12-ஆம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 15 அங்குலம் வந்தால் 30, 17 வந்தால் 34.

2. நாலு அங்குலம்தானே என்று தோன்றும். கையில் பிடித்தால்தான் வித்தியாசம் தெரியும். 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து முதல் ஃபிரெட் சுமார் 48 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், 30-இல் சுமார் 43. நாலாம் ஃபிரெட்டுக்குப் போவதற்குள் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் மிச்சமாகிவிடும். சின்னக் கைக்கு அது பெரிய நிம்மதி.

3. ஒலிக்கும் இதில் பங்கு உண்டு. அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால், 30 அங்குலத்தில் இழுவிசை 34-இல் இருப்பதைவிட ஏறத்தாழ 22 சதவீதம் குறைவு. தளர்ந்த கம்பி விரலுக்கு இணங்கும், அடியும் மென்மையாக விழும். நாம் தேடும் பழைய ஒலிக்குப் பாதி வழி இங்கேயே வந்துவிட்டோம். ஆனால் தளர்வு அளவு மீறினால் தடித்த E கம்பி தொளதொளத்து, சுரம் தெரியாமல் வெறும் ‘பொம்’ என்று கேட்கும். 28.6 அங்குல ஐபனெஸ் மைக்ரோ சிறு பிள்ளைகளுக்கு நல்லதுதான். வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

4. எந்தப் பழைய ஒலி வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். ‘விண்டேஜ் சவுண்ட்’ என்று ஒரே ஒலி கிடையாது. குறைந்தது நாலு குடும்பங்கள் உண்டு.

வயலின் உடம்பு கொண்ட ஹாஃப்னர் 500/1 ஒரு குடும்பம். 1961-இல் ஹாம்பர்க் நகரில் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னி அதைச் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினார். ஃபெண்டர் வாங்க அன்று வசதியில்லை. இடக்கைக்காரரான அவருக்கு, இரு பக்கமும் ஒரே வடிவமான அந்த உடம்பைத் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம். அந்த பேஸ் 1972-இல் திருடுபோய், மீண்டும் கிடைத்த செய்தி 2024-இல்தான் வெளிவந்தது. உள்ளே கூடான உடம்பு என்பதால் டபுள் பேஸின் சாயல் அதில் இருக்கும்.

இரண்டாவது கிப்சன் EB குடும்பம். கழுத்தை ஒட்டிய பெரிய பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் பாகம்) தரும் அடர்த்தியான, இருண்ட ஒலி. ‘கிரீம்’ குழுவின் ஜாக் புரூஸ் EB-3-இல் வாசித்ததைக் கேளுங்கள். மூன்றாவது 1966-இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங். இவற்றுள் இதற்குத்தான் தெளிவு அதிகம், பாட்டுக்குள் சுலபமாக அமரும். ‘டாக்கிங் ஹெட்ஸ்’ குழுவின் டினா வேமவுத் கையில் இதைப் பார்த்திருப்பீர்கள். நான்காவது டேன்எலெக்ட்ரோ லாங்ஹார்ன். மரச்சட்டத்தின் மேல் மேசனைட் பலகை அடித்த உடம்பு, லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்த பிக்கப். எடை குறைவு, ஒலியில் ஒரு கணகணப்பு.

ஒன்றைக் கேட்டு மயங்கி இன்னொன்றை வாங்கினால் எந்தக் குமிழைத் திருகினாலும் மனசு ஆறாது.

5. பட்ஜெட்டைப் பத்துப் பங்காக்கி ஏழு பங்குக்குள் கருவியை முடியுங்கள். மீதி மூன்று பங்கு நல்ல கம்பி, செட்டப் (கழுத்தையும் கம்பி உயரத்தையும் சரிசெய்தல்), கேபிளுக்கு. முழுத் தொகையையும் கருவியிலேயே கொட்டிவிட்டுத் தொழிற்சாலைக் கம்பியோடு வாசிப்பவரைவிட, மலிவான பேஸில் சரியான கம்பி போட்டவருக்குத்தான் பழைய ஒலி கிடைக்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

6. கம்மி விலையில் தேடும்போது பார்க்க வேண்டியவை: ஸ்குவையர் பிராங்கோவில் ஒரே பிக்கப், இரண்டே குமிழ், முதல் பேஸாக நல்லது. கிரெட்ச் ஜூனியர் ஜெட்டில் இரண்டு பிக்கப் இருப்பதால் ஒலி வகைகள் கூடுதல். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் ஸ்குவையர் கிளாசிக் வைப் மஸ்டாங். ஹாஃப்னர் ஒலிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு, அதே நிறுவனம் குறைந்த விலையில் தரும் இக்னிஷன் வரிசை இருக்கிறது. பழைய எபிஃபோன் EB-0 நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தால் விடாதீர்கள். எனக்கு ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் மஸ்டாங். எந்தப் பாட்டிலும் அது இடைஞ்சல் செய்யாது.

7. வேண்டுமென்றே தேய்த்து, பெயின்ட் உதிர்த்து ‘பழசு’ போல ஆக்கிய பேஸ்களும் விற்கின்றன. அந்தத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் காசு ஒலியில் வராது.

8. உட்கார்ந்து மட்டும் வாசித்துப் பார்த்து வாங்காதீர்கள். ஸ்ட்ராப்பை மாட்டி, எழுந்து நின்று, இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். கழுத்து தரையை நோக்கிச் சாய்ந்தால் வாசிக்கும் நேரமெல்லாம் இடக்கை அதைத் தாங்கியே களைத்துப்போகும். கிப்சனின் SG கிட்டார் வடிவ உடம்பு கொண்டவற்றில் இது சகஜம். உட்புறம் சொரசொரப்பான, அகலமான தோல் ஸ்ட்ராப் ஓரளவு உதவும், முழுசாகத் தீர்க்காது.

9. கடையில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி இவற்றைச் செய்யுங்கள். E கம்பியைத் திறந்தபடி மீட்டி, அது எத்தனை நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் மீட்டிக்கொண்டே போங்கள். எங்காவது ஒரு சுரம் மட்டும் பொசுக்கென்று அணைந்தால் அது ‘டெட் ஸ்பாட்’. G கம்பியில் 5 முதல் 7 ஃபிரெட் வரை கூடுதல் கவனம் தேவை. அடுத்து, 12-ஆம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு ஹார்மோனிக் எழுப்புங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிரிட்ஜில் கம்பி அமரும் சேடிலை நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் சில மலிவான பேஸ்களில் நாலு கம்பிக்கு இரண்டே சேடில் இருக்கும், அங்கே சமரசம்தான்.

10. சிங்கிள் காயில் பிக்கப் என்றால் டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்தில் ‘ம்ம்ம்’ என்று இரையும். கடையில் ஆம்பைச் சத்தமாக வைத்து, வாசிக்காமல் சும்மா நின்று கேளுங்கள். கம்பியை விரலால் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கருவிக்குள் எர்த் இணைப்பு சரி. வீட்டில் மட்டும் இரைந்தால், பேஸைக் குறை சொல்லுமுன் எலெக்ட்ரீஷியனை அழைத்து மூன்று முள் பாயின்டில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இது பாதுகாப்புக்கும் அவசியம்.

11. இப்போது கம்பி. பழைய ஒலியின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. சாதாரணமாக வரும் ரவுண்ட்வவுண்ட் கம்பியில் மேல் சுற்று உருண்டைக் கம்பியால் ஆனது. தடவினால் நெருநெருக்கும், ஒலியும் பளீரென்று இருக்கும். ஃபிளாட்வவுண்டில் மேல் சுற்று தட்டையான நாடா. விரல் வழுக்கும், உரசல் சத்தம் வராது, ஒலி வட்டமாக எழும். விலை கூடுதல்தான், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 பிரிசிஷன் பேஸில் தடித்த லா பெல்லா ஃபிளாட்வவுண்ட் போட்டு, அதை மாற்றாமலே வாசித்தவர். அவரது பேஸ் 34 அங்குலம். அதைக் கேட்டு ஏங்குபவர் உண்மையில் ஏங்குவது பெரும்பாலும் அந்தக் கம்பிக்குத்தான்.

12. கம்பி வாங்கும்போது பாக்கெட்டில் ‘ஷார்ட் ஸ்கேல்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஒருமுறை எங்களுக்கு லாங் ஸ்கேல் கம்பியைக் கொடுத்து, “நுனியை வெட்டிக்கொள்ளுங்கள்” என்றார்கள். நாங்களும் வெட்டினோம். E கம்பியின் தடித்த பகுதியே ட்யூனிங் கீயில் போய்ச் சுற்றியது. சுற்று பிரிந்து, கம்பி செத்துவிட்டது. மெலிந்த நுனிதான் கீயில் சுற்ற வேண்டும். உடம்பின் பின்புறமிருந்து கம்பி ஏறிவரும் மாடல்களுக்கும், ஹாஃப்னர் போல வாலில் கொக்கி மாட்டும் மாடல்களுக்கும் கூடுதல் நீளம் தேவை. கம்பியின் அடியில் உள்ள உலோகக் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளந்து எழுதிக்கொண்டு போனால் காசு வீணாகாது.

13. ஃபிளாட்வவுண்ட் பொதுவாக இறுக்கம் கூடியது. மாற்றிய சில நாளில் கழுத்து லேசாக முன்னால் வளைந்து, கம்பிகள் உயரலாம். கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் திருப்புக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். கால் திருப்பு, ஒரு நாள் பொறுமை, பிறகு மீண்டும் பார்ப்பது. அந்த வேலை கைவராதவர்கள் கிட்டார் ரிப்பேர் தெரிந்தவரிடம் செட்டப்புக்குக் கொடுங்கள். புதுக் கம்பி தடிமனாக இருந்தால் நட்டின் பள்ளத்தில் சிக்கவும் கூடும். அதையும் அவரையே பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

14. சமையலறையில் இருக்கும் ஒரு பொருள் பழைய ஒலியைச் செலவில்லாமல் கொண்டுவரும்: பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச். பச்சை நார்ப் பகுதியை நீக்கிவிட்டு, புதிய ஸ்பாஞ்சில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையாக வெட்டுங்கள். பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் நுழைத்து, லேசாகத் தொடும்படி வையுங்கள். நீண்டு இழுத்த சுரம் ‘தும், தும்’ என்று குட்டையாக வெட்டி விழும். பழைய ஃபெண்டர்களில் பிரிட்ஜ் மூடிக்குள் ஃபோம் ஒட்டியே வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்களில் எண்ணற்ற பாட்டுகளுக்கு வாசித்த கேரல் கே, ஃபெல்ட் துணியால் கம்பியை அடக்கி, பிக்கால் வாசித்தார். ஸ்பாஞ்ச் வைத்ததும் சுருதி கொஞ்சம் நகரும், மறுபடி ட்யூன் செய்துகொள்ளுங்கள். அழுத்தித் திணித்தால் சுரமே செத்துப்போகும்.

15. டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, கழுத்தின் பக்கம் நகர்ந்து மீட்டிப் பாருங்கள். பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் ஒலி இறுகும், கழுத்துப் பக்கம் போகப் போக உருளும். ஜேமர்சன் வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே வாசித்தார். விரலின் சதைப்பகுதி கம்பியில் படட்டும், நகம் படக்கூடாது.

16. வயலின் பேஸ் வாங்கினால் இதை மறக்காதீர்கள்: அதன் மரப் பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜ் நழுவி, சுருதி இடமே தொலைந்துபோகும். பிரிட்ஜின் இரு ஓரங்களிலும் சின்னதாக மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். ஆம்பைச் சத்தமாக வைத்து அருகில் நின்றால் கூடான உடம்பு ஊளையிடும். தள்ளி நில்லுங்கள்.

17. செகண்ட் ஹேண்ட் என்றால், தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நேர்கோட்டில் பாருங்கள். சீரான லேசான வளைவு பரவாயில்லை. கயிறுபோல் முறுக்கியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். தலை கழுத்தோடு சேரும் இடத்தில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்று விற்பவரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள். குமிழ் திருகும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

18. சாதாரண கிட்டார் ஆம்பில் பேஸைச் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கர் கிழியலாம். திறந்த E கம்பியின் அதிர்வு நொடிக்கு 41 தடவை மட்டுமே. சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. அபார்ட்மென்ட் வீடு என்றால் முதலில் ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். அக்கம்பக்கத்தாரும் நன்றி சொல்வார்கள்.

19. கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து கம்பியைச் சீக்கிரம் கறுக்கவைக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து, பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிச் சாய்த்து வைக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவரின் ஈரம் கழுத்துக்கு ஏறும். ஸ்பாஞ்ச் துண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அது பொடிந்தால் பிசுபிசுவென்று பிக்கப்பில் ஒட்டிக்கொள்ளும்.