சிறுநீர் தாராளமாகப் பிரிந்தாலும் சிறுநீரகம் நலிந்திருக்கலாம்

"சிறுநீர் வழக்கம்போல் பிரிகிறது, ஆகவே சிறுநீரகத்தில் குறை எதுவும் இல்லை" என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியானதன்று. அதன் காரணத்தை விளங்கிக்கொள்ளச் சிறுநீரகம் ஆற்றும் பணியை முதலில் அறிதல் வேண்டும்.

வடிகட்டும் முறை

முதுகெலும்பின் இருபுறமும், கீழ் விலா எலும்புகளை ஒட்டி, மூடிய கையளவில் இரு சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கும் மேல், இவற்றினூடாகப் பாய்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டும் அலகுகள் உள்ளன. இவை சிறுநீரகத்திகள் எனப்படும்.

ஒவ்வொரு சிறுநீரகத்தியின் தொடக்கத்திலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நூற்பந்துபோல் சுருண்டிருக்கும். இரத்தத்தின் அழுத்தத்தினால் நீர், உப்புகள், குளுக்கோசு, யூரியா போன்ற கழிவுகள் ஆகியன அக்குழாய்களின் சுவரூடாக வடியும். இரத்த அணுக்களும் பெரும்பாலான புரதங்களும் உருவிற் பெரியவை ஆதலால் இரத்தத்திலேயே தங்கிவிடும்.

இவ்வாறு நாளொன்றுக்கு வடியும் நீர்மம் ஏறத்தாழ 180 லீற்றர். வெளியேறும் சிறுநீரோ சுமார் ஒன்றரை லீற்றர் மட்டுமே. நலமுள்ள ஒருவரின் சிறுநீரகத்திக் குழாய்கள், வடிந்த குளுக்கோசு அனைத்தையும் நீரில் ஏறத்தாழ 99 வீதத்தையும் மீட்டு இரத்தத்தில் சேர்க்கின்றன. அதேவேளை சில அமிலங்களையும் மருந்துகளையும் மிகையான பொட்டாசியத்தையும் இரத்தத்திலிருந்து எடுத்துச் சிறுநீரில் விடுகின்றன.

அறிகுறி தோன்றாமைக்குக் காரணம்

வடிகட்டும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 லீற்றர் வடியும். ஒன்றரை லீற்றர் சிறுநீர் உண்டாவதற்கு அது போதுமானது. எனவே சிறுநீரின் அளவு மாறாதிருக்க, கழிவுகள் மட்டும் இரத்தத்தில் மெல்ல மெல்லத் தேங்குகின்றன. பெரும்பாலும் வலியும் ஏற்படுவதில்லை. கால்வீக்கம், களைப்பு, மூச்சுத்திணறல் முதலியன பிந்தியே தோன்றும்.

செய்யவேண்டிய பரிசோதனைகள்

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பழுதாக்குகின்றன. இவற்றுள் ஒன்றேனும் உள்ளவர்களும், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்களும் குடும்ப வைத்தியரிடம் பின்வருவனவற்றைக் கேட்டுப் பெறலாம்:

• இரத்தப் பரிசோதனை: தசைகளிலிருந்து வரும் கிரியேற்றினின் என்னும் கழிவின் அளவைக் கொண்டு வடிகட்டும் வேகம் கணிக்கப்படும். அது 60இற்குக் கீழ் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் எனக் கொள்ளப்படும்.

• சிறுநீர்ப் பரிசோதனை: அல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்பதைக் காட்டும். வடிகட்டும் வேகம் குறையும் முன்னரே இக்கசிவு தென்படக்கூடும்.

• இரத்த அழுத்த அளவீடு.

நீரிழிவு உள்ளவர்கள் இவற்றை ஆண்டுதோறும் செய்துகொள்ளல் வேண்டும்.

மருந்துகள் குறித்த கவனம்

நீரிழிவுக்கு வழங்கப்படும் மெட்ஃபோர்மின் உருமாறாமல் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகம் நலிந்தால் அது உடலில் தேங்கும் ஆதலால், அதன் அளவை வைத்தியர் மாற்றியமைக்க நேரிடும். மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. வைத்தியரின் சீட்டின்றிக் கடையில் வாங்கிய மாத்திரைகளையும், ஊரிலிருந்து வருவித்த சூரணம், லேகியம் முதலியவற்றையும் வைத்தியரிடம் மறைக்காது கூறுதல் வேண்டும்.

மொழி உதவி

ஆங்கிலத்தில் உரையாட இடர்ப்படுவோர் ஆஸ்திரேலியாவில் எங்கிருந்தும் 131 450 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம். வைத்தியரைச் சந்திக்க நேரம் பதியும்போதே, உரைபெயர்ப்பாளர் தேவை எனத் தெரிவித்தல் நன்று. பரிசோதனையின் முடிவு தமக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்கப்படும் வரை, எவரும் தயக்கமின்றி வினவலாம்.