சாஸ் தொகுப்பில் மேக்ரோ: ஒரு முறை எழுதுங்கள், பல முறை இயக்குங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக் கொள்ளும் வித்தை காப்பி - பேஸ்ட்தான். கடிதம், பயோடேட்டா தயாரிக்கும் வரை இதில் தொந்தரவு இல்லை. ஆனால் புள்ளிவிவரங்களை அலசும் புரோகிராம் எழுதத் தொடங்கியதும் இதே வித்தை காலை வாரிவிடும். எப்படி என்பதையும், அதற்கு மாற்றாக உள்ள மேக்ரோ வசதியையும் இங்கு பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு சாஸ் தொகுப்பை எடுத்துக் கொள்வோம். 1960களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், வேளாண் ஆய்வுப் புள்ளிவிவரங்களை அலசுவதற்காக உருவானது இது. 1976ல் தனி நிறுவனமானது. வங்கிகளிலும் மருந்து நிறுவனங்களிலும் இதற்கு நல்ல உபயோகம் உண்டு. கற்றுக் கொள்பவர்களுக்கு இலவசப் பதிப்பும் கிடைக்கிறது, பிரவுசரிலேயே இயக்கலாம்.

சாஸ் தொகுப்புடனேயே 'சாஸ்ஹெல்ப்.கிளாஸ்' என்ற சிறிய பைல் வருகிறது. அதில் 19 மாணவ மாணவிகளின் பெயர், பாலினம், வயது, உயரம், எடை உள்ளன. உயரம் அங்குலத்தில், எடை பவுண்டில். உயரத்தின் சராசரியும் ஒரு வரைபடமும் வேண்டும் என்றால் கீழ்க்கண்டவாறு எழுத வேண்டும். (கட்டளைகளின் உச்சரிப்பை இங்கே தமிழில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்யவும்.)

டைட்டில் "ஹைட்";
ப்ராக் மீன்ஸ் டேட்டா=சாஸ்ஹெல்ப்.கிளாஸ்;
வார் ஹைட்;
ரன்;
ப்ராக் எஸ்ஜிபிளாட் டேட்டா=சாஸ்ஹெல்ப்.கிளாஸ்;
ஹிஸ்டோகிராம் ஹைட்;
ரன்;

இயக்கினால் சராசரி 62.34 அங்குலம் என்று வரும். கீழே வரைபடமும் கிடைக்கும். அடுத்து எடைக்கும் இதே வேலை. ஏழு வரிகளையும் காப்பி செய்து கீழே ஒட்டி, 'ஹைட்' என்று வரும் மூன்று இடங்களில் 'வெயிட்' என மாற்ற வேண்டும். அவசரத்தில் தலைப்பையும் வரைபடத்தையும் மாற்றிவிட்டு, 'வார்' வரியை மட்டும் விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக் கொள்வோம். என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. ஓர் அரைப்புள்ளியை விட்டிருந்தால் லாக் விண்டோவில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்திருக்கும். இதில் சாஸ் பார்வையில் பிழையே இல்லை. 'வெயிட்' என்ற தலைப்பின் கீழ் சராசரி 62.34 என்று அழகாக அச்சாகும். படிப்பவர் கிலோ என்று நினைத்துக் கொள்வார். உண்மையான சராசரி எடை 100.03 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ. அட்டவணையின் மேலே எந்த விவரம் அலசப்பட்டது என்று சாஸ் ஒரு சிறு வரி காட்டத்தான் செய்கிறது. ஆனால் பெரிய தலைப்பு இருக்கும்போது அதை யார் படிக்கிறார்கள்? மூன்று விவரங்கள் என்றால் மாற்ற வேண்டிய இடங்களைக் கண்ணால் சரிபார்த்துவிடலாம். பன்னிரண்டு விவரங்கள் என்றால் 36 இடங்கள்.

இப்போது மேக்ரோ. அதே ஏழு வரிகளுக்கு மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி சேருங்கள்:

%மேக்ரோ ரிப்போர்ட்(ஃபீல்டு);
டைட்டில் "&ஃபீல்டு";
ப்ராக் மீன்ஸ் டேட்டா=சாஸ்ஹெல்ப்.கிளாஸ்;
வார் &ஃபீல்டு;
ரன்;
ப்ராக் எஸ்ஜிபிளாட் டேட்டா=சாஸ்ஹெல்ப்.கிளாஸ்;
ஹிஸ்டோகிராம் &ஃபீல்டு;
ரன்;
%மென்ட்;

இதை மட்டும் இயக்கினால் திரையில் எதுவும் வராது. பயப்பட வேண்டாம். ரிப்போர்ட் என்ற பெயரில் ஒரு மேக்ரோ இருக்கிறது என்று சாஸ் மனதில் வைத்துக் கொண்டது, அவ்வளவுதான். இனி அதை அழைக்க வேண்டும்:

%ரிப்போர்ட்(ஏஜ்)
%ரிப்போர்ட்(ஹைட்)
%ரிப்போர்ட்(வெயிட்)

அடைப்புக்குறிக்குள் நீங்கள் தரும் சொல், '&ஃபீல்டு' உள்ள எல்லா இடங்களிலும் போய் உட்காரும். அதன் பிறகுதான் புரோகிராம் இயங்கும். மேக்ரோ எந்தக் கணக்கும் போடுவதில்லை. உங்களுக்குப் பதிலாக டைப் செய்து தருகிறது. ஓர் இடத்தில் மாறி, இன்னோர் இடத்தில் மாறாமல் போக வழியில்லை. பைலில் இல்லாத பெயரைத் தப்பும் தவறுமாகக் கொடுத்தாலும், அப்படி ஒரு விவரம் இல்லை என்று சாஸ் சிவப்பு எழுத்தில் உடனே சொல்லிவிடும். சத்தம் போடாத பிழையைவிட சத்தம் போடும் பிழை எவ்வளவோ மேல்.

தலைப்பில் இரட்டை மேற்கோள் குறிகளையே போடவும். ஒற்றைக் குறிக்குள் இருப்பதை மேக்ரோ தொடாது; '&ஃபீல்டு' என்பதே தலைப்பாக அச்சாகும். அதேபோல், முதலில் மேக்ரோ இல்லாமல் எழுதி, சரியாக ஓடுகிறதா எனப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். புரோகிராமின் தொடக்கத்தில் 'ஆப்ஷன்ஸ் எம்பிரின்ட்;' என்று ஒரு வரி சேர்த்தால், மேக்ரோ தயாரித்துத் தரும் கட்டளைகள் லாக் விண்டோவில் தெரியும். குழப்பம் வரும்போது இதைப் போல் உதவுவது வேறில்லை.

எதற்கெடுத்தாலும் மேக்ரோ என்று கிளம்பிவிடவும் கூடாது. வெறும் சராசரி மட்டும் போதும் என்றால் 'வார் ஏஜ் ஹைட் வெயிட்;' என்று ஒரே வரியில் மூன்றையும் கேட்டுவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு, தனி வரைபடம் என்று வேலை நீளும்போதுதான் மேக்ரோ தேவை.

பழகிய பின் முதல் வரியை '%மேக்ரோ ரிப்போர்ட்(டேபிள், ஃபீல்டு);' என மாற்றி, 'சாஸ்ஹெல்ப்.கிளாஸ்' உள்ள இரண்டு இடங்களிலும் '&டேபிள்' என்று போடுங்கள். சாஸ்ஹெல்ப்.கார்ஸ் என்ற பைலில் 428 கார்களின் விவரம் உள்ளது. %ரிப்போர்ட்(சாஸ்ஹெல்ப்.கார்ஸ், ஹார்ஸ்பவர்) எனக் கொடுத்துப் பாருங்கள்.