சந்தேகப்படுவது பாசத்தின் அடையாளமா?

மாத்தளைப் பகுதித் தோட்டப் பிள்ளைகளுக்கு நடத்திய இளைஞர் வகுப்பொன்று முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த வேளை. தரம் 11 மாணவி ஒருத்தி மட்டும் பின்தங்கி நின்றாள்.

“பாதர், போன் பாஸ்வேர்டைக் குடுக்காட்டி பாசம் இல்லன்னு அவரு சொல்றாரு. குடுத்தா தப்பா?”

மெதுவாக விசாரித்தேன். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன்.) ரியூசன் முடிந்து அவள் எந்த பஸ்ஸில் ஏறவேண்டும், எங்கே உட்காரவேண்டும் என்பதை அவனே தீர்மானிக்கிறான். சொந்த மாமா மகனோடுகூடப் பேசக்கூடாது. இரவில் அழைப்பை எடுக்காவிட்டால் பத்துத் தடவை மணி அடிக்கும். ஒருநாள் கையை முறுக்கினான். மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்டுச் சாக்லேட் வாங்கிக் கொடுத்தான். இவ்வளவையும் அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை. “எம்மேல உசுரா இருக்கிறாரு” என்பதற்குச் சான்றாகவே சொன்னாள்.

“படிக்கிற வயதில் இதெல்லாம் எதற்கு?” என்ற கேள்வி என் நாக்கின் நுனிவரை வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பிள்ளையிடம் அப்படியே கேட்டுமிருக்கிறேன். அந்தப் பிள்ளை மறு ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. அதன்பின் என்னிடம் எதையும் சொல்லவுமில்லை. பெற்றோரே, உங்கள் வீட்டிலும் முதல் பேச்சு ஏச்சாக இருந்தால், இரண்டாம் பேச்சு ஒருபோதும் வராது.

அன்புக்கும் அடக்கி ஆள்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பதினாறு வயதில் கண்டுகொள்வது எளிதல்ல. நம் சினிமாவும் அதற்கு உதவுவதில்லை. மறுத்த பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்துபவனே கதாநாயகன். கடைசிக் காட்சியில் அவள் சிரித்துவிடுகிறாள். 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டுலூத் நகரில், அடிபட்ட பெண்களின் அனுபவங்களைக் கேட்டறிந்து, வன்முறையைச் சக்கர வடிவில் வரைந்து காட்டினார்கள். அச்சக்கரத்தின் நடுவே இருப்பது கோபமன்று, அதிகாரம். மிரட்டல், உற்றாரிடமிருந்து பிரித்தல், இழிவாகப் பேசுதல், செய்ததைச் செய்யவில்லை எனச் சாதித்தல் ஆகியவை அதன் ஆரங்கள். அடி உதை வெளி வளையம் மாத்திரமே. அடி விழுமுன்பே சக்கரம் சுழலத் தொடங்கிவிடுகிறது.

விவிலியத்திலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. கோவிலில் அதிகம் வாசிக்கப்படாத பகுதி அது: 2 சாமுவேல் 13ஆம் அதிகாரம். தாவீதின் மகன் அம்னோன், தன் மாற்றாந்தாயின் மகளான சகோதரி தாமார்மீது காதல் கொண்டு நோயாளிபோல் மெலிகிறான். யோனதாபு என்னும் தந்திரக்கார நண்பன் வழி சொல்லிக் கொடுக்கிறான்: நோயுற்றவன்போல் படுத்துக்கொள், அவளை வரவழை. தாமார் வந்து பணியாரம் சுட்டுக் கொடுக்கிறாள். அவன் மற்றவர்களை வெளியே அனுப்புகிறான். அவள் தெளிவாக மறுக்கிறாள், காரணம் கூறுகிறாள், மன்னரிடம் பேசும்படி கெஞ்சுகிறாள். அவன் செவிகொடுக்கவில்லை. வன்செயல் முடிந்ததும் முன்பிருந்த காதலைவிட மிகுந்த வெறுப்போடு அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடச் செய்கிறான். அண்ணன் அப்சலோம் அவளிடம் பேசாமலிரு என்கிறான். தாவீது சினம் கொள்கிறார். ஆனால் மகனைத் தண்டித்ததாக ஒரு சொல்லும் இல்லை. ஈராண்டு கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்லுவிக்கிறான். எனக்கு இக்கதையில் அம்னோனைவிட அதிகம் உறுத்துபவர்கள் சுற்றியிருந்த மூவர்: வழி சொன்னவன், வாயை மூடச் சொன்னவன், கோபப்பட்டதோடு நின்றவர்.

இது பழங்கதை மட்டுமல்ல. 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில்முன் தள்ளிக் கொல்லப்பட்டார். 2023 ஜனவரியில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் ஒரு பல்கலைக்கழக மாணவி குத்திக் கொல்லப்பட்டார்; உடன் பயின்ற மாணவனே கைதானான். இத்தகைய செய்திகளுக்குப் பத்திரிகைகள் ‘ஒருதலைக் காதல்’, ‘காதல் தகராறு’ என்று தலைப்பிடுகின்றன. பத்திரிகைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், கொலைக்குக் காதல் என்று பெயரிடுவது எங்கள் தொழிலின் பிழை.

சட்டத்தைப் பற்றியும் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்பவர், உறவினர் ஆகியோரைப் பற்றியே பேசுகிறது. காதலன் அதில் இல்லை. ஆயினும் தண்டனைச் சட்டக்கோவை உண்டு. 1995இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பாலியல் தொல்லை குற்றமாகும். 16 வயதுக்குக் குறைந்த சிறுமியின் சம்மதம், சம்மதமாகக் கொள்ளப்படமாட்டாது. சிறுவர்களின் ஆபாசப் படங்களை எடுப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம். “படத்தைப் போட்டுவிடுவேன்” என்று மிரட்டுபவனுக்குப் பயந்து மேலும் ஒரு படம் அனுப்பவேண்டாம். வந்த மிரட்டலை அழிக்கவும் வேண்டாம், அதுவே சாட்சி. சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்கள் உண்டு. தாய் வெளிநாட்டில், தகப்பன் வேலைக்களத்தில் என்றிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு இவ்விலக்கங்களைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக் கொடுங்கள்.

அந்த மாணவிக்கு நான் சொன்னது சிறிது. “மகள், ஒரு தடவை ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பார். அவன் முகம் வாடினால் அது இயல்பு. உனக்குப் பயம் வந்தால் அது வேறு.” அப்படிப் பயம் வந்தால் தனியிடத்தில் சந்தித்துப் பேசித் தீர்க்க முனையாமல், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் முதலில் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டேன். பிரிந்துபோக நினைக்கும் நேரமே ஆபத்து மிகுந்த நேரம்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேற்படி அதிகாரத்தை மூத்த வகுப்பில் வாசித்தபின், பெண்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லத் தொடங்காமல், முதலில் ஆண்பிள்ளைகளிடம் கேளுங்கள்: உன் நண்பன் வந்து யோசனை கேட்டால், யோனதாபு இருந்த இடத்தில் நீ என்ன சொல்லியிருப்பாய்? பதில் வரச் சிறிது நேரமாகும். காத்திருங்கள்.