விரலறியும் எழுத்து

கோகர்ணம் என்னும் வடசொற்குப் பசுவின் செவி என்பது பொருள். புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணம் தன் பெயரிலேயே செவியைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும், பார்வையற்ற பிள்ளைக்குச் செவிவழிக் கல்வியே போதும் என்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. கேட்டு மனனம் செய்தவனுக்கு ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் எங்ஙனம் புலப்படும்? அவனும் எழுத்தைத் தொட்டறிதல் வேண்டும். அதனைக் கற்பிப்பவரே சிறப்பாசிரியர்.

இப்பணிக்கு இரக்கம் மட்டும் போதாது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, ஏற்கப்பெற்ற பயிற்சியை முடித்து மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே இப்பணி ஆற்றலாம். மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு.

பார்வைக் குறைபாட்டுப் பிரிவிற் சேரும் தமிழ் மாணவர் மீண்டும் அரிச்சுவடி தொடங்குகிறார். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பெற்ற பாரதி பிரெயில் ஆறு புள்ளிகளால் அமைவது. மெய்யின் தலைமேல் நாம் இடும் புள்ளி அங்கே எழுத்திற்கு முன்னரே வந்துவிடும். ‘கொ’ எழுதக் கொம்பும் காலும் வேண்டா. ககரத்தை அடுத்து ஒகரம் நிற்கும். உயிர்மெய்யின் பிறப்பை நம் அச்செழுத்தினும் இது தெளிவாகக் காட்டுகின்றது என்பது நம் துணிபு. சட்டகத்தில் தாளைப் பொருத்தி ஊசியாற் குத்துங்கால் வலமிருந்து இடமாக எழுதல் வேண்டும். திருப்பிப் படிப்பதோ இடமிருந்து வலமாக. அரபு எழுதிப் பழகிய கைகளுக்கு இதிற் பாதி எளிது!

தொடக்கப்பள்ளியில் இத்தகைய மாணவர் பதின்மர்க்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டுமென மத்திய அரசு 2022இல் அறிவித்தது. பயிற்சியில் சேர விழைவோர், அந்நிறுவனம் குழுமத்தின் ஏற்புப் பெற்றதா என முன்னரே உசாவுதல் இன்றியமையாதது. ஏற்பில்லாச் சான்றிதழைக் கொண்டு பதிவேட்டில் இடம்பெற இயலாது.