ஓடும் லைனில் ஏறப்போகும் தம்பி தங்கைகளுக்கு

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை. அதன்பின் இந்தப் பக்கம் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் பலருக்கு முதல் வேலையே ஓடும் லைனில்தான்.

1. லைனைப் பார்த்து மிரளாதீர்கள். மணிக்கு 60 வண்டி, ஸ்டேஷன் நீளம் 6 மீட்டர் என்றால், லைன் நகர்வது நிமிடத்துக்கு 6 மீட்டர்தான். நடையைவிட மெதுவு.

2. தளமே வண்டியோடு நகரும் இடத்தில் அதன்மேல் ஏறி நின்று வேலை செய்யுங்கள். காலும் வண்டியும் ஒரே வேகத்தில் போனால் போல்ட் கைக்கு எதிரிலேயே இருக்கும். பனிச்சறுக்கு மலைகளிலும் இதே வழிதான். ஆட்களை மேலே கொண்டுபோகும் லிஃப்டில், ஓடும் கயிற்றோடு நிரந்தரமாகப் பிணைத்த நாற்காலி, ஆள் ஏறும் இடத்திலும் வேகம் குறையாமல் வரும். அங்கே தரையில் ஒரு கன்வேயர் பெல்ட் போடுகிறார்கள். கயிறு விநாடிக்கு 2.5 மீட்டர், பெல்ட் 0.8 மீட்டர் ஓடினால், நாற்காலி காலில் வந்து தொடுவது 1.7 மீட்டர் வேகத்தில்தான். அந்தத் தைரியத்தில் கயிற்றைச் சற்று வேகமாகவே ஓட்டலாம்.

3. வேகம் கூடினால் எண்ணிக்கையும் கூடும் என்று நம்பிவிடாதீர்கள். அதே லிஃப்டில் நால்வர் அமரும் நாற்காலி 6 விநாடிக்கு ஒன்று வந்தால் மணிக்கு 2,400 பேர். இடைவெளி அதே 6 விநாடி என்றால், கயிறு எவ்வளவு விரைந்தாலும் அதே 2,400தான். பயண நேரம் மட்டும் குறையும். பெல்ட்டின் பெரிய லாபம், ஏறுகிறவர் தடுமாறி லிஃப்ட் நிற்பது குறைவதுதான். நம் லைனும் அப்படியே. இரண்டு நிமிடம் நின்றால் இரண்டு வண்டி போச்சு. அவசரப்பட்டு அதைப் பிடிக்கப் போகிறவர்தான் அடுத்த தவறைச் செய்கிறார்.

4. வண்டியின் பாடி, மேலே தொங்கும் ஹேங்கரில் ஏறும் இடத்தைக் கவனியுங்கள். கீழே கொண்டுவரும் கன்வேயரும் மேலே ஓடும் செயினும் இசைந்து சந்திக்க வேண்டும். குலுக்கல் தெரிந்தாலோ சத்தம் மாறினாலோ அந்த ஷிப்டிலேயே மெயின்டனன்ஸுக்குச் சொல்லுங்கள். சென்சாரில் படியும் தூசுகூட லைனை நிறுத்தும்.

5. போல்ட்டில் டார்க் ஏறவில்லையா? அழைப்புக் கயிற்றை இழுங்கள். புதியவர் என்று கூச்சப்படாதீர்கள். டீம் லீடர் வருவதற்காகத்தான் அந்தக் கயிறு.

6. தொங்கும் துப்பட்டா, கழுத்தில் அடையாள அட்டை நாடா, இரண்டும் கன்வேயர் பக்கம் வேண்டாம். எமர்ஜென்சி ஸ்டாப் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே, வேலை தொடங்குமுன், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.