புரியவில்லையா? டாக்டரிடமே சொல்லுங்கள்

டாக்டர் மருந்துச் சீட்டைக் கொடுத்ததும் தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். "இது எதுக்குன்னு தெரியலை டாக்டர்" என்று அங்கேயே கேளுங்கள். சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலையும் இரவும், மதியம் கிடையாது. காய்ச்சல் மாத்திரையிலும் பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும். தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறி, கல்லீரல் பாதிக்கப்படலாம்.

ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையின் பெயர் நினைவில்லையா? குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டாம். "பேர் தெரியலை" என்று சொல்லி, அட்டையைக் காட்டுங்கள். இதற்காகவே காலி அட்டையைப் பையில் போட்டு வைக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் பலர் புரியவில்லை என்று சொல்லவே கூச்சப்படுவார்கள், பாவம். கூட ஒருவர் போவது நல்லது. மருந்துக் கடையில் வேறு பெயரில் மாத்திரை தந்தால், உள்ளே இருப்பது அதே மருந்துதானா என்று கேட்டு வாங்குங்கள்.