வீட்டுக்கேற்ற சிறு மின்பிறப்பாக்கியைத் தெரிதல்

மின்சாரம் நின்றால் விளக்கு மட்டும் அணைவதில்லை. கிணற்று நீர் தொட்டிக்கு ஏறாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த மருந்து கெடும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருளில் இருக்க நேரும். ஆதலால் அறுவடை முடிந்து கையிற் பணம் வந்ததும் சிறு மின்பிறப்பாக்கி ஒன்று வாங்க எண்ணும் கமக்காரர் பலர். அவருட் சிலர் அதனைத் தம் வீட்டுக்கு வாங்குவர். வேறு சிலர், படிப்பின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ கொழும்பு சென்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருக்கும் தம் மக்களுக்கு வாங்கிக் கொடுப்பர்.

கடையில் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை கிலோவாற்று? என்ன விலை?" என்பதாகும். இவ்விரண்டும் பின்னர்க் கேட்க வேண்டியவை. முதலிற் கேட்க வேண்டியது, "இது எங்கே நின்று ஓடும்?" என்பதே. விதையைத் தெரியுமுன் நிலத்தைப் பார்ப்பது கமக்காரரின் வழக்கம். அவ்வாறே யந்திரத்தைத் தெரியுமுன் அது நிற்கும் இடத்தைப் பார்த்தல் வேண்டும். கமத்து வீட்டில் நன்மை தரும் யந்திரம் நகரத்து மாடி வீட்டில் உயிருக்கே இறுதியாகலாம்.

1. மின்தடையின் வகைகள்

இந்நாட்டில் மின்தடை மூன்று வகையாக நேர்ந்துள்ளது.

முதலாவது, முன்னறிவித்தல் இன்றித் திடீரென நேர்ந்து சில மணித்தியாலத்தில் நீங்குவது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கு ஒன்றினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் மின்சாரமின்றி நிறுத்தியது. அன்று பல மணித்தியாலத்துக்குள் மின்சாரம் மீண்டது.

இரண்டாவது, வாரக் கணக்கில் நாள்தோறும் நேர்வது. 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது இது நேர்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி இன்மையால் எரிபொருள் தட்டுப்பட்டபோது மீண்டும் நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது.

மூன்றாவது, புயலிலும் வெள்ளத்திலும் கம்பிகள் அறுந்து, ஓர் ஊர் மட்டும் சில நாட்கள் இருளில் இருப்பது. கமத்து ஊர்களே இதற்குப் பெரிதும் உள்ளாகின்றன.

தம் வீட்டில் எவ்வகைத் தடை மிகுதியென அறிந்தவர், எவ்வளவு நேரத்துக்கு மின்சாரம் வேண்டும் என்பதையும் அறிந்தவராவர். மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு எனின், யந்திரமே வேண்டாதிருக்கலாம். இது பின்னர் 6ஆம் பகுதியில் விளக்கப்படும்.

2. யந்திரம் நிற்கும் இடம்

பெற்றோல் யந்திரத்தின் புகையிற் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சுடன் உட்சென்ற அவ்வாயு குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கின்றது. அதனால் உடலுக்கு ஒட்சிசன் கிடையாது போகின்றது. தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், கைகால் சோர்வு என்பன அறிகுறிகள். உறங்குபவருக்கு இவ்வறிகுறிகளும் தெரியா. அவர் விழிக்காமலே இறத்தலும் கூடும். 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லோரா என்னும் சூறாவளி அடித்த பின்னர் இறந்தோருட் பலர் காற்றினால் இறந்தவர் அல்லர். தம் வீட்டு மின்பிறப்பாக்கியின் புகையினால் இறந்தவர்.

ஆகவே யந்திரம் திறந்த வெளியில், கதவு யன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீற்றர், அதாவது 20 அடி, அப்பால் நிற்றல் வேண்டும். புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்க வேண்டும். அறை, சமையற்கட்டு, மோட்டார் வண்டிக் கொட்டகை, மூடிய விறாந்தை ஆகிய எதனுள்ளும் ஓட்டுதல் ஆகாது. கதவைத் திறந்து வைத்தாலும் மின்விசிறியைச் சுழல விட்டாலும் ஆபத்து நீங்காது.

வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கின்றன. அங்குள்ளோர் யந்திரத்தைப் பல்கனியில் வைக்க நினைப்பர். பல்கனி திறந்த வெளியாகத் தோன்றினும், வீட்டுக் கதவிலிருந்து இரண்டடி தூரத்திலேயே உள்ளது. தென்மேற் பருவக்காற்று கடலிலிருந்து கரை நோக்கி வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், கடலை நோக்கிய பல்கனியின் புகை நேரே வீட்டினுள்ளும் மேல்மாடியார் வீட்டினுள்ளும் புகும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் ஒரு சுவரை இரு வீட்டார் பகிர்ந்திருப்பர். ஒருவர் முற்றத்துப் புகை மற்றவர் படுக்கையறைக்குள் செல்லும். இத்தகைய வீடுகளுக்கு எவ்வளவு சிறிய பெற்றோல் யந்திரமும் பொருந்தாது. விலை மலிவு என்பதும் அயலவர் வைத்திருக்கிறார் என்பதும் இதற்கு விடையாகா.

கமத்து வீட்டுக்கு முற்றமும் வளவும் உண்டு. எனினும் களவுக்கும் மழைக்கும் அஞ்சி யந்திரத்தை வீட்டினுள் வைத்து ஓட்டும் வழக்கம் அங்கும் காணப்படுகின்றது. நான்கு பக்கமும் திறந்த சிறு கூரையொன்றை அமைத்து, யந்திரத்தைச் சங்கிலியாற் பிணைத்து வைத்தல் நன்று.

யந்திரம் உள்ள வீட்டில், காபனோரொட்சைட்டை அறிந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்றைப் படுக்கையறையருகே பொருத்துதல் நலம். ஒருவர் மயங்கினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுசென்று, 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் வண்டியை அழைத்தல் வேண்டும்.

3. தேவையைக் கணித்தல்

இடம் உண்டெனத் தெளிந்த பின்னரே அளவைக் கணித்தல் வேண்டும். மோட்டர் உள்ள கருவிகள் ஓடும்போது வேண்டுவதைவிடத் தொடங்கும்போது மூன்று மடங்கு அல்லது அதற்கு மேலும் மின்சாரம் வேண்டுவன. இதனைக் கணியாது வாங்கிய யந்திரமே, "பம்பியைப் போட்டதும் நின்றுவிடுகின்றது" என்று குறை கூறப்படுவது.

ஒரு சாதாரண வீட்டின் தேவை பின்வருமாறு:

எல்.ஈ.டி. மின்குமிழ் 5 — 45 வாற்று
மின்விசிறி 2 — 120 வாற்று
தொலைக்காட்சி — 80 வாற்று
தொலைபேசி மின்னேற்றம் முதலியன — 25 வாற்று
குளிர்சாதனப் பெட்டி — 150 வாற்று (தொடங்கும்போது ஏறத்தாழ 700)

யாவும் ஓடும்போது 420 வாற்று. குளிர்சாதனப் பெட்டி தொடங்கும் கணத்தில் 550 கூடி 970 வாற்று. யந்திரத்தை அதன் வலுவின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வருத்தாதிருத்தல் முறை. ஆதலால் இவ்வீட்டுக்கு, தொடர்ந்து 1,500 வாற்று தரும் யந்திரம் தாராளமாகப் போதும். மின்னழுத்தி, மின்கேத்தல், சோறு சமைக்கும் மின்பானை ஆகியவற்றை இதில் இணைத்தல் ஆகாது. ஒரு மின்கேத்தல் மட்டுமே இவ்வீடு முழுவதையும்விட மூன்று மடங்குக்கு மேல் மின்சாரம் உண்ணும்.

இனிக் கிணற்றுப் பம்பியைப் பார்ப்போம். 1 குதிரைவலு என்பது 746 வாற்று. மோட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் அது ஓடுவதற்கு ஏறத்தாழ 1,100 வாற்றும், தொடங்குவதற்கு 3,300 வாற்றும் வேண்டும். பம்பி ஒன்றுக்காகவே யந்திரத்தின் அளவு இரு மடங்குக்கு மேற் பெருகுவதைக் காண்க. அதன் பின் இரவில் இரண்டு விளக்கு எரிப்பதற்கும் அப்பெரிய யந்திரமே ஓடி எரிபொருளைத் தின்னும்.

ஆகவே தோட்டத்துக்கு நீர் இறைக்க வேண்டியவர், எஞ்சினுடன் சேர்ந்த நீர்ப்பம்பியைத் தனியே வைத்துக்கொண்டு, வீட்டுக்குச் சிறு மின்பிறப்பாக்கி வாங்குதல் சிக்கனமாகும். ஆயின் நிலத்தின் மேல் நிற்கும் பம்பி 7 மீற்றர் ஆழத்துக்குக் கீழுள்ள நீரை உறிஞ்ச மாட்டாது. ஆழமான கிணறும் குழாய்க்கிணறும் உடையோர், நீரில் மூழ்கும் மின்பம்பிக்கு ஏற்ற பெரிய யந்திரத்தையே வாங்க வேண்டியவராவர்.

4. யந்திரத்தின் தகட்டை வாசித்தல்

யந்திரத்தில் ஒட்டிய தகட்டில் இரண்டு அளவுகள் இருக்கும். பெரிய எழுத்தில் உள்ளது சிறிது நேரமே தரக்கூடிய உச்ச வலு. மற்றையது தொடர்ந்து தரும் வலு. பின்னதையே கணக்கிற் கொள்ளல் வேண்டும். கே.வி.ஏ. என்று குறித்திருப்பின், மோட்டர் சேர்ந்த பாவனைக்கு அதனை 0.8ஆற் பெருக்கினால் கிடைப்பது கிலோவாற்று.

இந்நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் உடையது. யப்பானிலிருந்து பழைய யந்திரங்கள் வருவதுண்டு. அந்நாட்டு மின்சாரம் 100 வோல்ற்று ஆகையால், தகட்டைப் பாராது அத்தகைய யந்திரத்தை வாங்கியவர் அதனை நம் வீட்டுக் கருவிகளுக்குப் பயன்படுத்த இயலாது.

நுவரெலியா, வெலிமடை முதலிய மலைப்பகுதி மரக்கறிச் செய்கையாளர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறைகின்றது. எஞ்சினின் வலுவும் 300 மீற்றருக்கு ஏறத்தாழ 3.5 வீதம் குறையும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு வலு இல்லாமற் போகும். கொழும்பில் 2,000 வாற்று தந்த யந்திரத்திலிருந்து அங்கு 1,600க்கு மேல் எதிர்பார்த்தல் ஆகாது.

இன்வேட்டர் வகை யந்திரம் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்வது. விலை கூடியது, எனினும் ஒலியும் எரிபொருட் செலவும் குறைவு. கணினி முதலியவற்றுக்கு ஏற்றது.

5. எரிபொருள்

சிறு பெற்றோல் யந்திரம் 1 கிலோவாற்று சுமையுடன் ஓடும்போது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ முக்கால் லீற்றர் செலவாகும். 13 மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 10 லீற்றர். 2022இல் யந்திரம் வைத்திருந்த பல வீடுகள் இருளில் இருந்ததற்குக் காரணம் இதுவே: மின்சாரத்தை நிறுத்திய அதே தட்டுப்பாடு பெற்றோலையும் நிறுத்தியது. கலன்களிற் பெற்றோல் வழங்கல் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் வாகனங்களுக்குப் பங்கீட்டு முறை வந்தது. யந்திரம் வாங்குபவர் எரிபொருளையும் சேர்த்தே திட்டமிடல் வேண்டும். நாள் முழுதும் ஓட்டாது, காலையில் ஒரு மணித்தியாலமும் மாலையில் இரண்டு மணித்தியாலமும் ஓட்டினாற் குளிர்சாதனப் பெட்டியின் குளிர் பெரிதும் காக்கப்படும், தொட்டியும் நிரம்பும்.

பெற்றோலை உரிய கலனில், அடுப்புக்கும் படுக்கைக்கும் தொலைவில் வைத்தல் வேண்டும். ஓடும் யந்திரத்துக்கும் சூடு ஆறாத யந்திரத்துக்கும் எண்ணெய் வார்த்தல் தீ விபத்துக்கு இடமாகும்.

6. யந்திரம் பொருந்தாத வீட்டுக்கு

வெள்ளவத்தை மாடி வீட்டாருக்கும் கொட்டாஞ்சேனை ஒழுங்கை வீட்டாருக்கும் ஏற்றது பற்றரியும் இன்வேட்டரும் ஆகும். அதற்குப் புகை இல்லை, ஒலியும் இல்லை. 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்றின் கொள்ளளவு 1,200 வாற்று-மணி. அதன் பாதியை மட்டும் எடுத்தாலே பற்றரி நெடுநாள் உழைக்கும். இழப்புப் போக 500 வாற்று-மணி மிஞ்சும். நான்கு விளக்கும் ஒரு மின்விசிறியும் 100 வாற்று எனின், ஐந்து மணித்தியாலம் எரியும். லிதியம் வகைப் பற்றரி விலை கூடியதாயினும், கொள்ளளவின் பெரும்பகுதியை எடுக்க இடந்தரும். ஈயப் பற்றரி மின்னேறும்போது எரியத்தக்க ஐதரசன் வாயு வெளிவருவதால், அதனைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும்.

கூரையிற் சூரிய மின்தகடு உடையோர் தமக்குக் குறைவில்லை எனக் கருதுவர். மின்வழியுடன் இணைந்த சாதாரண அமைப்பு, மின்சாரம் தடைப்பட்டதும் தானும் நின்றுவிடும். பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இருந்தாலன்றி அது உதவாது.

வீட்டில் ஒட்சிசன் கருவியில் தங்கியிருக்கும் நோயாளர் உளராயின், அக்கருவியின் வாற்றையும் வேண்டிய நேரத்தையும் முதலிற் கணித்துப் பற்றரியின் அளவைத் தீர்மானித்தல் வேண்டும்.

7. வீட்டு மின்னிணைப்பு

இருபுறமும் பிளக்குப் பொருத்திய வயரால் யந்திரத்தைச் சுவர்த் துளையில் இணைப்பது பெருங்குற்றம். அவ்வாறு செய்தால் யந்திரத்தின் மின்சாரம் வீதிக் கம்பிக்குச் செல்லும். அங்கிருந்து மின்மாற்றியை அடைந்து, 230 வோல்ற்று பல்லாயிரம் வோல்ற்றாக உயரும். மின்சாரம் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளி அதனால் இறப்பான். கருவிகளைத் தடித்த வயரினால் நேரே யந்திரத்தில் இணைக்கலாம். வீட்டு இணைப்புக்கே மின்சாரம் கொடுப்பதாயின், மாற்று ஆளியும் நிலத்தொடுப்பும் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டே பொருத்துதல் வேண்டும்.

8. பேணுதல்

புதிய யந்திரத்தின் எஞ்சின் எண்ணெயை முதல் 20 மணித்தியாலத்தின் பின்னும், அதன் பின் 100 மணித்தியாலத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றுக. மாதம் ஒருமுறை சிறிது சுமையுடன் கால் மணித்தியாலம் ஓட்டுக. நெடுங்காலம் ஓட்டாது வைப்பதாயின் தாங்கியிலும் காபரேற்றரிலும் உள்ள பெற்றோலை வடித்துவிடுக. பழைய பெற்றோல் பிசினாகி வழியை அடைக்கும். காற்று வடியைப் பதரும் புழுதியும் அடையாது சுத்தஞ் செய்க.

கமக்காரர் மனத்திற் கொள்ள வேண்டியன

முதலில் இடம், அடுத்துத் தேவை, அதன் பின் எரிபொருள், இறுதியில் யந்திரமும் விலையும். திறந்த வெளி இல்லாத வீட்டுக்குப் பற்றரியே தகும். திறந்த வெளி உள்ள வீட்டுக்கும், தேவைக்கு மேற்பட்ட யந்திரம் வீண் செலவாகும். கொழும்பிலுள்ள மக்களுக்கு யந்திரம் வாங்க எண்ணும் பெற்றோர், பணத்தைக் கொடுக்குமுன் அவ்வீட்டுக்கு ஒருமுறை சென்று, கதவிலிருந்து இருபது அடி அளந்து பார்ப்பாராக.